ஒரு குத்திக்காசுக்கு எவ்வளவு நேரம்?

1976இல் நியூயோர்க் நகர சபைக்கு முன்னால் இரண்டு பின்போல் மெஷின்களைக் கொண்டுவந்து வைத்தார்கள். பின்போல் என்பது கண்ணாடி மூடிய சரிவான மேசை. உள்ளே ஓர் இரும்புக் குண்டு உருண்டு திரியும். அது கீழே விழுந்து போகாமல் இரண்டு பக்கமும் இருக்கிற சின்னத் துடுப்புகளால் தட்டித் தட்டி மேலே அனுப்ப வேண்டும், அவ்வளவுதான் விளையாட்டு. அந்த நகரத்தில் 1942இலிருந்து அது தடைசெய்யப்பட்ட சாமான். மேயர் லா கார்டியாவின் காலத்தில் பொலிஸ் கடை கடையாகப் புகுந்து மெஷின்களைப் பறித்தது. மேயரே சம்மட்டியைத் தூக்கிப் படத்துக்கு நின்றார். இது சூது, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சாப்பாட்டுக் காசைப் பிடுங்குகிறது என்பதுதான் குற்றச்சாட்டு.

தடையை எடுக்க வேண்டுமென்றால் ஒன்றை நிரூபிக்க வேண்டியிருந்தது: இது அதிர்ஷ்டம் அல்ல, திறமை. அதற்காக வந்து நின்றவர் ரோஜர் ஷார்ப் என்ற இளம் பத்திரிகை எழுத்தாளர். கொண்டுவந்த மெஷினில் ஏதும் செய்து வைத்திருப்பார்களோ என்று சபைக்காரருக்குச் சந்தேகம். "அதில வேண்டாம், மற்றதில விளையாடு" என்றார்கள். மாற்றாக வைத்திருந்த மெஷினில் விளையாடிக் காட்டினார். கடைசியில், குண்டு இந்த நடு வழியால்தான் இறங்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, இழுத்து விட்டார். அதே வழியால் இறங்கியது. தடை போனது. அந்த ஒரு இழுப்பில் அதிர்ஷ்டத்துக்கும் நல்ல பங்கு இருந்தது என்று அவரே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். திறமை என்று தீர்ப்பு வந்ததே அதிர்ஷ்டத்தால்தானோ என்று கேட்கத் தோன்றுகிறது. எங்களுக்கு இந்தக் கதை பிடித்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

லா கார்டியாவை முழு முட்டாள் என்று சொல்லவும் ஏலாது. 1942இல் இருந்த பின்போலில் துடுப்பே இல்லை. குண்டை விட்டுவிட்டு மேசையை மெல்லத் தள்ளிப் பார்க்கலாம், மற்றபடி வாயைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். கொட்லீப் கொம்பனியின் ஹம்ப்டி டம்ப்டி என்ற மெஷினில்தான் 1947இல் துடுப்பு வந்தது. மெஷின் மாறிவிட்டது, சட்டம் மாறவில்லை. இந்த இடைவெளியில்தான் முப்பது வருஷம் போனது.

வீடியோ கேம் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சிப், கிராபிக்ஸ், எந்தக் கொம்பனி எதை முதலில் விட்டது என்றுதான் எழுதுகிறார்கள். நாங்கள் இங்கே வேறொரு நூலைப் பிடித்துப் போக நினைக்கிறோம். திறமையா அதிர்ஷ்டமா என்ற இந்தக் கேள்வி ஆர்கேட்டுக்குள் நுழைந்தபோது அது இன்னொரு கேள்வியாக மாறியது: ஒரு குத்திக்காசு போட்டவனுக்கு எவ்வளவு நேரம் கிடைக்கும்? ஆர்கேட் கேம்களின் வடிவமே இந்தக் கேள்விக்குச் சொன்ன பதில்கள்தான் என்பது எங்கள் எண்ணம். தாள விளையாட்டுகள் சொன்ன பதில் அவற்றில் மிக விசித்திரமானது.

1978இல் ஜப்பானின் டைட்டோ கொம்பனி ஸ்பேஸ் இன்வேடர்ஸை வெளியிட்டது. உருவாக்கியவர் தோமோஹிரோ நிஷிகாடோ. வரிசைக்குப் பதினொன்றாக ஐந்து வரிசை, மொத்தம் 55 வேற்றுக்கிரக உயிர்கள் இடம் வலமாக நகர்ந்து நகர்ந்து கீழே இறங்கும். கீழே நிற்கிற உங்களிடம் ஒரு பீரங்கி. சுடச்சுட எதிரிகள் குறையும், குறையக் குறைய மிச்சமிருப்பவை வேகமாக ஓடும். இந்த வேகம் முதலில் திட்டமிட்ட ஒன்றல்ல. அந்தக் காலத்து சிப்பால் எல்லா உருவத்தையும் ஒரே நேரத்தில் நகர்த்த முடியவில்லை, ஒவ்வொன்றாகத்தான் நகர்த்தியது. எண்ணிக்கை குறைந்தால் ஒவ்வொன்றின் முறையும் சீக்கிரம் வந்துவிடும். நிஷிகாடோ அதைத் திருத்தாமல் அப்படியே விட்டுவிட்டார். பின்னணியில் நான்கு சுரம், மேலிருந்து கீழாக இறங்கித் திரும்பத் திரும்ப ஒலிக்கும். எதிரிகளின் வேகத்தோடு அதுவும் வேகமாகும், நெஞ்சு அடிப்பதைப் போல. ஆட்டக்காரனின் கை அந்தத் துடிப்போடு கட்டப்பட்டிருந்தது என்று பார்த்தால், தாள விளையாட்டின் பாட்டியை இங்கேயே அடையாளம் காட்டலாம். (இந்தக் கேமால் ஜப்பானில் 100 யென் குத்திக்காசே தட்டுப்பாடாகிவிட்டது என்று இணையமெங்கும் எழுதியிருக்கும். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் ஆதாரமில்லாத கதை.)

அந்தக் கேமில் மேலே அடிக்கடி ஒரு பறக்கும் தட்டு ஓடும். அதைச் சுட்டால் 50, 100, 150, 300 என்று ஏதோ ஒரு புள்ளி விழும். பார்க்கிறவனுக்கு அது லொத்தர் மாதிரி. ஆனால் ஆட்டக்காரர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள்: நீங்கள் சுட்ட குண்டுகளை எண்ணிக்கொண்டு வந்து 23ஆவது குண்டில் தட்டை வீழ்த்தினால் 300. அதற்குப் பிறகு ஒவ்வொரு 15ஆவது குண்டுக்கும் 300. இன்னொரு வித்தை, எதிரிகளைக் கடைசி வரிசைவரை இறங்கவிட்டு அடிப்பது. அவ்வளவு கிட்ட வந்துவிட்டால் அவை சுடுகிற குண்டு பீரங்கியில் படாது. ஜப்பானில் இதற்கு 'நகோயா அடி' என்று ஊர்ப் பெயரே வைத்துவிட்டார்கள். மெஷினுக்குள் அதிர்ஷ்டம் என்று தெரிந்ததெல்லாம் ஒவ்வொன்றாகக் கணக்காக மாறிக்கொண்டு வந்தது.

இங்கேதான் கடைக்காரருக்குத் தலையிடி தொடங்கியது. ஆட்டக்காரனுக்குத் திறமை என்றால் ஒரே காசில் நீண்ட நேரம். கடைக்காரருக்கு அதே திறமை என்றால் வருமானம் இல்லாமல் அடைபட்டுக் கிடக்கிற மெஷின். புதிதாக வருகிறவன் மூன்று நிமிஷத்தில் செத்து அடுத்த காசைத் தேடுவான். கெட்டிக்காரப் பெடியன் ஒரு குத்தியோடு பின்னேரம் முழுக்க நின்றுவிடுவான். ஒரு காசு மட்டும் கையில் இருக்கிறவனுக்கு வேறு வழியும் இல்லை, கெட்டிக்காரனாக வந்தே ஆக வேண்டும். ஆர்கேட் திறமையைப் பற்றிக் கதைக்கிறவர்கள் இதை ஏனோ அதிகம் சொல்வதில்லை.

இந்தத் தலையிடியிலிருந்தே ஒரு புகழ்பெற்ற கேம் பிறந்தது. அமெரிக்காவில் எம்.ஐ.டி. மாணவர்களான டக் மக்ரேயும் கெவின் கரனும் பல்கலைக்கழக வளாகத்தில் ஆர்கேட் மெஷின் வைத்துக் காசு பார்த்தவர்கள். மிஸைல் கமாண்ட் என்ற கேம் முதலில் நல்ல வருமானம் கொடுத்தது. பிறகு விளையாடுகிறவர்கள் தேறிவிட்டார்கள், வருமானம் விழுந்தது. 1981இல் இவர்கள் அந்த மெஷினுக்குள் செருகக்கூடிய ஒரு பலகையைச் செய்தார்கள். செருகினால் கேம் கடினமாகும், தேறியவர்களும் திரும்பச் சீக்கிரம் சாவார்கள். மற்றக் கடைக்காரர்களுக்கும் விற்றார்கள். அட்டாரி கொம்பனி வழக்குப் போட்டது, பிறகு சமாதானமாகி அவர்களுக்கே வேலை கொடுத்தது. அதே கூட்டம் அடுத்ததாகக் கைவைத்தது பக்மானில்.

1980இல் நாம்கோவுக்காகத் தோரு இவாதானி உருவாக்கிய பக்மானில் நான்கு பேய்கள் துரத்தும். வெருண்டு ஓடாத நேரத்தில் அவை எப்படித் திரும்ப வேண்டும் என்பதெல்லாம் விதிப்படிதான். நீங்கள் ஒரே பாதையில் ஒரே மாதிரி ஓடினால் பேய்களும் ஒரே மாதிரி ஓடும். ஆகவே பாதையைப் பாடமாக்கிவிட்டால் போதும். பாதை சொல்லித் தருகிற புத்தகங்கள்கூட வந்தன. அப்படி ஒன்றை எழுதிய கென் அஸ்டன் யார் என்று பார்த்தால் வேடிக்கை. கசினோக்களில் பிளாக்ஜாக் சீட்டுகளை எண்ணி எண்ணி வென்றதற்காக வெளியே துரத்தப்பட்டவர் அவர். சீட்டு எண்ணுவது களவு அல்ல, திறமை, அதற்காக ஒருவரைத் தடுக்க முடியாது என்று வழக்காடி 1982இல் நியூ ஜேர்சி உச்ச நீதிமன்றத்தில் வென்றார். அதிர்ஷ்டத்தின் வீட்டுக்குள் கணக்கைக் கொண்டுபோனவருக்கு பக்மான் கண்ணில் பட்டது தற்செயலாக இருக்காது.

1982இல் வந்த மிஸ் பக்மான் என்ன செய்தது தெரியுமா? எம்.ஐ.டி. கூட்டம் பேய்களின் நகர்வுக்குள் கொஞ்சம் தற்செயலைக் கலந்துவிட்டது. பாடமாக்கிய பாதை இனி உதவாது. திறமைக்காரர்களை அடக்க அதிர்ஷ்டத்தைத் திரும்பக் கூப்பிட வேண்டியிருந்தது! அதனால் கேம் கெட்டுப்போனதா என்றால் இல்லை. மிஸ் பக்மான்தான் மேல் என்று எங்களில் பாதிப்பேர் சண்டை பிடிப்பார்கள்.

பழைய பக்மானில் பாதை பாடமானவனை எதுவும் நிறுத்தவில்லை, 256ஆவது கட்டம் வரை. அங்கே கட்டத்தை எண்ணுகிற எட்டு பிட் எண் நிரம்பி வழிந்து, திரையின் வலது பாதி எழுத்துக் குப்பையாகச் சிதறும். அதற்கு முன் ஒரு புள்ளிகூட விடாமல், ஓர் உயிர்கூட இழக்காமல் எடுக்கக்கூடிய உச்சம் 3,333,360. முதன்முதலாக அது பதிவானது 1999இல். மணித்தியாலக் கணக்காக நிற்க வேண்டிய வேலை. கடைக்காரர் பயந்தது இதைத்தான்.

அரசாங்கங்கள் பயந்தது வேறொன்றை. 1981இல் பிலிப்பைன்ஸில் மார்கோஸ் வீடியோ கேம் மெஷின்களை நாடு முழுக்கத் தடைசெய்தார். அமெரிக்காவின் மாஷ்ஃபீல்ட் என்ற சின்ன ஊர் 1982இல் போட்ட தடையை 2014இல்தான் எடுத்தது. இந்திய உச்ச நீதிமன்றத்துக்கும் இது போனது. கர்நாடகத்தில் வீடியோ கேம் பார்லர்களுக்கு உரிமம் கட்டாயம் என்ற கட்டுப்பாட்டை 1995இல் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது, இவற்றில் அதிர்ஷ்டமும் கலந்திருக்கிறது என்று சொல்லி. அதே நீதிமன்றம் மறுவருஷமே தமிழ்நாட்டு வழக்கொன்றில் குதிரைப் பந்தயத்தைத் திறமை விளையாட்டு என்றது. குதிரையில் காசு கட்டுவது திறமை, பட்டனைத் தட்டுவது சந்தேகத்துக்குரியது! யார் விளையாடுகிறார்கள் என்பதைப் பார்த்துத்தான் திறமை கண்ணுக்குத் தெரிகிறதோ என்று நாங்கள் யோசிப்பதுண்டு.

1991இல் கப்கொம் விட்ட ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 நேரப் பிரச்சினையை ஒரு மாதிரித் தீர்த்தது. இரண்டு பேர் மோதுவார்கள், தோற்றவன் எழும்ப வேண்டும், அடுத்தவன் காசு போட்டு உட்காருவான். கெட்டிக்காரன் எவ்வளவு நேரம் நின்றாலும் கடைக்காரருக்கு நட்டமில்லை, ஒவ்வொரு சண்டைக்கும் யாரோ ஒருவன் கட்டிக்கொண்டுதான் இருக்கிறான். சரி, இது எதிராளி இருக்கிற கேம்களுக்கு.

1997 டிசம்பரில் கொனாமி ஜப்பானிய ஆர்கேட்டுகளில் பீட்மேனியாவை இறக்கியது. ஐந்து பட்டன், பக்கத்தில் டீஜேக்கள் சுழற்றுகிற தட்டு ஒன்று. திரையில் கோடுகள் மேலிருந்து இறங்கும். அடிக்கோட்டைத் தொடுகிற கணத்தில் உரிய பட்டனைத் தட்ட வேண்டும். தட்டினால்தான் பாட்டின் அந்தச் சத்தமே வரும், தவறினால் பாட்டு ஓட்டை விழுந்து கேட்கும். இதற்கு முந்திய வருஷம் பிளேஸ்டேஷனில் மசாயா மாட்சுராவின் பராப்பா த ராப்பர் வந்திருந்தது. அதற்கும் முன்னால் 1978இன் சைமன் என்ற விளையாட்டுச் சாமான் இருக்கிறது, நான்கு நிற விளக்கு எரிகிற ஒழுங்கை ஞாபகம் வைத்துத் திரும்ப அமத்துவது. ஆனால் காசு போட்டு, சனத்துக்கு நடுவில் நின்று ஆடுகிற தாள விளையாட்டு பீட்மேனியாவோடுதான் நிலைபெற்றது. கொனாமி தன் இசை விளையாட்டுப் பிரிவுக்கே பெமானி என்று பெயர் மாற்றியது.

இதில் நேரக் கணக்கைப் பாருங்கள். ஒரு பாட்டு கிட்டத்தட்ட ஒன்றரை, இரண்டு நிமிஷம். ஒரு காசுக்கு இத்தனை பாட்டு என்று கடைக்காரர் வைத்திருப்பார், பெரும்பாலும் மூன்று. தேறாதவனுக்குப் பாட்டு பாதியிலேயே நின்றுவிடலாம். ஆனால் உலகத்திலேயே பெரிய கெட்டிக்காரன் வந்தாலும் பாட்டு முடிகிற இடத்தில் முடிந்துவிடும், அடுத்தவனுக்கு இடம் விட வேண்டும். இருபது வருஷமாக ஆர்கேட்டில் திறமை வாங்கித் தந்த ஒரே பொருள் நேரம். தாள விளையாட்டு அதை எடுத்துவிட்டது. கடைக்காரருக்கு நிம்மதி. ஆட்டக்காரனுக்கு மிச்சமிருந்தது என்ன? அந்த இரண்டு நிமிஷத்தை எவ்வளவு சுத்தமாக ஆடினாய் என்பது மட்டும்.

பக்மான் பாதையைப் போலவே இங்கேயும் எல்லாம் நிலையானது. பாட்டு மாறாது, கோடு மாறாது, தற்செயல் ஒன்றுமில்லை. அப்படியென்றால் பாடமாக்கிவிட்டால் முடிந்ததே என்று நினைப்பீர்கள். முடிவதில்லை. 1999இல் ஏழு பட்டனோடு தொடங்கிய பீட்மேனியா டூடிஎக்ஸ் வரிசையில் மிகச் சரியான தட்டு என்று கணக்கெடுக்கப்பட, அந்தக் கணத்துக்கு இப்பாலோ அப்பாலோ ஏறத்தாழ அறுபதில் ஒரு நொடிக்குள் தட்ட வேண்டும். கண்ணால் ஒன்றைப் பார்த்துக் கை அசைய மனிதருக்கு ஐந்தில் ஒரு நொடி வேண்டும். ஆகவே பார்த்துவிட்டுத் தட்டுவது என்பது இங்கே இல்லவே இல்லை. தவில் அடிக்கிறவர் தாளம் விழுந்த பிறகு அதைக் கேட்டு அடிப்பதில்லை, விழப்போகிற இடம் அவர் உடம்புக்குள் முதலே இருக்கிறது. அதே சங்கதிதான். இதை 'ரிஃப்ளெக்ஸ்' என்று சொல்கிற ஆட்கள் ஒருமுறை விளையாடிப் பார்க்கலாம். 2001இல் நாம்கோ ஜப்பானிய மேளத்தின் வடிவத்தில் ஒன்றையே முன்னால் வைத்து, நடுவில் அடிப்பது ஒன்று, விளிம்பில் அடிப்பது மற்றது என்று தாய்க்கோ நோ தட்சுஜின்னை விட்டபோது இது வெளிப்படையாகவே தெரிந்துவிட்டது.

இன்னொரு விஷயம் எங்களை மிகவும் கவர்ந்தது. டூடிஎக்ஸில் 'ரண்டம்' என்று ஒரு தெரிவு இருக்கிறது. அதைப் போட்டால் எந்தக் கோடு எந்தப் பட்டனுக்கு என்பது ஒவ்வொரு முறையும் குலைந்து மாறும். தேறிய ஆட்டக்காரர்கள் கனபேர் அதைத் தாங்களாகவே போட்டுக்கொள்கிறார்கள். கை ஒரு பாட்டைத் தப்பாகப் பாடமாக்கிக்கொள்ளக்கூடாது, கோட்டை வாசிக்கப் பழக வேண்டும் என்பதற்காக. மிஸ் பக்மானில் ஆட்டக்காரனுக்கு எதிராக நுழைத்த தற்செயலை இங்கே ஆட்டக்காரனே கேட்டு வாங்குகிறான்.

1998இல் டான்ஸ் டான்ஸ் ரெவலூஷன் வந்ததோடு பட்டன் காலுக்குப் போனது. நான்கு அம்புக்குறி, நான்கு பலகை, பின்னால் பிடிக்க ஒரு கம்பி. அடுத்த வருஷம் கொரியாவின் அண்டமிரோ கொம்பனி ஐந்து பலகையோடு பம்ப் இட் அப் விட்டது. இங்கே திறமை ஊருக்கே தெரிந்தது. ஸ்பேஸ் இன்வேடர்ஸ் கெட்டிக்காரனை முதுகுப்பக்கம்தான் பார்க்கலாம், இவர்களைச் சுற்றி நின்று சனம் பார்த்தது. ஆட்டக்காரர்களும் இரண்டாகப் பிரிந்தார்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு புள்ளி ஒன்றும் விடாமல் மிதிக்கிற கூட்டம் ஒன்று. கம்பியைத் தொடாமல், திரைக்கு முதுகு காட்டிக்கூட ஆடுகிற கூட்டம் மற்றது. மெஷினுக்கு முதலாவது கூட்டத்தை மட்டும்தான் தெரியும். இரண்டாவது கூட்டத்துக்குப் புள்ளி போட்டது சுற்றி நின்ற சனம்.

கொனாமியும் திறமைக்கு நேரத்தைக் கூலியாகக் கொடுப்பதை முழுதாக விட்டுவிடவில்லை. 2001இன் பதிப்பில், கடைசிப் பாட்டைக் கடினமான நிலையில் மிக நன்றாக ஆடினால் காசில்லாமல் இன்னொரு பாட்டு கிடைத்தது. அந்தப் பரிசுப் பாட்டு மக்ஸ் 300, நிமிஷத்துக்கு 300 அடி வேகம். பரிசு என்று சொல்லி ஆளைக் கொல்கிற பாட்டு.

நோர்வே இதை மெஷின் நடனம் என்று ஒரு விளையாட்டாகவே பதிவு செய்தது. 2006இல் அமெரிக்காவின் மேற்கு வேர்ஜினியா மாநிலம் தன் பாடசாலைகளின் உடற்பயிற்சிப் பாடத்துக்குள் கொண்டுவர முடிவெடுத்தது. அறுபது வருஷத்துக்கு முன் மேயரே சம்மட்டி தூக்கிய இனத்தைச் சேர்ந்த ஒரு மெஷின், பிள்ளைகளின் உடம்புக்கு நல்லது என்று வகுப்புக்குள் போய் நின்றது.

கிட்டார் ஹீரோவைப் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. 2005இல் வந்தது, பிளாஸ்டிக் கிட்டார் வீடு வீடாகப் போனது, ஒரே வருஷத்தில் பல பதிப்பு என்று விட்டு விட்டுச் சனத்துக்கு அலுத்தது, 2011இல் அக்டிவிஷன் அந்தப் பிரிவை மூடியது. ஆர்கேட்டின் நேரக் கணக்கு அதில் இல்லை, எங்கள் நூல் அங்கே அறுந்துவிடுகிறது.

ஃபோனில்தான் திரும்பக் கட்டுப்படுகிறது. எங்கள் வயதுக்காரரில் கனபேர் தாள விளையாட்டை அறிந்ததே ஃபோனில்தான். 2013இல் ஜப்பானில் வந்து 2023இல் நிறுத்தப்பட்ட லவ் லைவ் ஸ்கூல் ஐடல் ஃபெஸ்டிவல் போன்றவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். விளையாடக் காசு வேண்டியிருக்கவில்லை. ஒன்பது வட்டங்கள், பாட்டோடு தட்ட வேண்டியிருந்தது, தட்டுவதில் முழுக்க முழுக்கத் திறமை. ஆனால் புள்ளி வந்தது தட்டியதால் மட்டுமல்ல, உங்கள் கையில் இருந்த பாத்திர அட்டைகளின் பலமும் அதற்குள் சேர்க்கப்பட்டது. அந்த அட்டைகள் வந்தது காச்சாவிலிருந்து. காசு போட்டுத் திருகினால் பொம்மை உருண்டை ஒன்று விழுகிற கடைவாசல் மெஷினின் பெயர் அது. எது விழும் என்று தெரியாது. பின்போலில் துடுப்பு வருவதற்கு முந்திய காலம் இதுதான்: இழுத்து விட்டுவிட்டு வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிற விளையாட்டு. இன்ன இன்ன அட்டைகளை முழுதாகச் சேர்த்தால் பெரிய பரிசு என்ற வகையான காச்சா சட்டவிரோதம் என்று ஜப்பானிய அரசு 2012இல் சொன்னது. 2018இல் பெல்ஜியம், காசு கொடுத்துத் திறக்கிற மர்மப் பெட்டிகளைச் சூது என்றது. மற்ற இடங்களில் இன்னும் வாக்குவாதம் நடக்கிறது, 1942இல் நடந்த அதே வாக்குவாதம், பிள்ளைகளின் சில்லறை என்ற அதே சொல்லோடு.

ஆகவே இப்படியான கேமில் இரண்டு பேர் ஒரே பாட்டை ஒரு தட்டும் தவறாமல் ஆடினாலும் ஒருவருக்கு இன்னொருவரை விட இரண்டு மடங்கு புள்ளி வரலாம். ஆர்கேட்டில் நிலைமை வேறு, அந்த ஆர்கேட்டுகள் குறைந்துகொண்டே வந்தாலும். சேகா 2022 ஜனவரியில் தன் ஆர்கேட் வியாபாரத்தின் கடைசிப் பங்கையும் விற்றுவிட்டது, கடைகளின் பெயர்ப்பலகை கீகோ என்று மாறியது. மெஷின்கள் உள்ளே ஓடிக்கொண்டிருக்கின்றன. டூடிஎக்ஸின் நுணுக்கப் புள்ளிக் கணக்கில் மிகச் சரியான தட்டுக்கு இரண்டு, அதற்கு அடுத்த தரத்துக்கு ஒன்று. ஆயிரம் தட்டு உள்ள ஒரு பாட்டின் உச்சம், யார் ஆடினாலும், எத்தனை காசு போட்டிருந்தாலும், 2,000.